மணிக்கூண்டுக்குப் பின்னால் ஒரு காலி இடம்

கோட்டைச் சுவரை மூன்றாவது தடவையாகச் சுற்றி வந்தபோது லிஃப்ட் மெக்கானிக் ஸ்டியரிங்கை உள்ளங்கையால் ஓங்கி அடித்தார். ஹாரன் அலறியது. முன்னால் தள்ளுவண்டியில் கைக்குழந்தையை வைத்துத் தள்ளிக்கொண்டு போன பெண் துள்ளி ஓரத்தில் ஒதுங்கினாள். குழந்தை வீறிட்டது.

"அந்தப் பொண்ணு உங்களை என்ன பண்ணுச்சு?" என்றாள் மனைவி.

"யாரும் ஒண்ணும் பண்ணல. ஊர்ல எல்லாரும் உத்தமங்க. ஒரு கார் நிறுத்த இடம் தேடுறேன் பாரு, நான் ஒருத்தன்தான் பாவி."

பின் சீட்டில் பதினாலு வயது மகள் மடியில் படம் வரையும் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மணிக்கூண்டை நேரில் பார்த்து வரைய வேண்டும் என்று இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தவள் அவள்தான். இப்போது அந்த மணிக்கூண்டு ஜன்னல் வழியாக இடது பக்கம் வரும், போகும், மறுபடி வரும். அதை மூன்று பக்கமும் பார்த்தாகிவிட்டது. இறங்கத்தான் வழியில்லை.

எண்ணூறு வருடத்துக்கு முந்திய நகரம். குதிரையையும் பாரம் சுமக்கும் கழுதையையும் மனதில் வைத்துத் தெரு போட்டவர்கள், அதில் ஒருநாள் ஆளுக்கொரு காரில் வந்து நிற்பார்கள் என்று கனவா கண்டார்கள்? ஒரு தெருவில் கார் நுழைந்தால் பூனைக்குக்கூட ஒதுங்க இடமிருக்காது. இருபக்கமும் மூக்கும் வாலும் ஒட்டியபடி வண்டிகள். நடுவில் எறும்பு ஊர்கிற மாதிரி இன்னொரு வரிசை. அந்த வரிசையில் இருக்கிற ஒவ்வொருத்தர் கண்ணும் ஓரத்தில் நிற்கிற வண்டிகளின் பின்விளக்கிலேயே இருந்தது. யாராவது சாவியோடு நடந்துவந்தால் போதும், நாலு கார் ஒரே நேரத்தில் நின்றுவிடும்.

நகரத்துக்கு வெளியிலேயே ஒரு பெரிய மைதானம் இருந்தது. காரை அங்கே விட்டுவிட்டு உள்ளே போக ஐந்து நிமிடத்துக்கு ஒரு பஸ். மனைவி அதைக் காட்டி, "இங்கயே விட்டுட்டுப் போயிடலாங்க" என்று சொல்லத்தான் செய்தாள்.

"பஸ்ல போறதுக்கா நான் கார் வாங்கினேன்? தினமும் பஸ்லதானே கெடக்குற. இன்னிக்காவது அதை மறந்துட்டு நிம்மதியா உக்காரு."

அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். ஐம்பத்திரண்டு சீட்டு வண்டி. காலையும் மாலையும் அதைச் சந்து பொந்தெல்லாம் வளைத்து, ஒரு கீறல் இல்லாமல் கொண்டுவந்து நிறுத்துகிறவள். "அப்ப நான் ஓட்டட்டுமா?" என்று கேட்டாள். அவர் காரை மைதானத்தைத் தாண்டி விரட்டினார். பதில் சொன்னால் அது ஒரு சண்டையாகும் என்று இருவருக்கும் தெரியும்.

இத்தனைக்கும் மனிதர் முரடர் இல்லை. இருபது வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறார். பத்தாவது மாடிக்கும் ஒன்பதாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுபோய், உள்ளே ஆட்கள் கதவை இடித்துக்கொண்டு கதறும்போது, வெளியே நின்று கதவிடுக்கில் வாயை வைத்து அவர் பேசுவார். "ஒண்ணும் ஆகாதும்மா. மூச்சை மெதுவா விடுங்க. உங்க பேரென்ன? எத்தனை பிள்ளைங்க?" அந்தக் குரலைக் கேட்டு அழுகையை நிறுத்தாத ஆள் கிடையாது. கம்பெனியில் கூட வேலை செய்கிறவர்கள், "இவர் பேசினா லிஃப்டே இறங்கி வந்துடும்" என்பார்கள்.

அதே ஆள் காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் வேறு ஆளாகிவிடுவார். முந்துகிறவன் திருடன். மெதுவாகப் போகிறவன் முட்டாள். குறுக்கே நடப்பவன் சாகப் பிறந்தவன். வாயில் வரும் வார்த்தைகளைக் கேட்டு மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள், மகள் காதில் பாட்டுக் கேட்கும் இயர்போனை மாட்டிக்கொள்வாள். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது பழையபடி அப்பாவாகிவிடுவார். அதனால் அதை யாரும் ஒரு நோயாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான்காவது சுற்றில், சாவி போடுகிற ஒரு கடைக்கு முன்னால் காலி இடம் தெரிந்தது. கிட்டே போனால் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

"பாத்தியா? அவன் அப்பன் வீட்டுத் தெருவு!" அவர் இறங்கிப் போய் நாற்காலியை எட்டி உதைத்தார். அது பறந்து போய்ச் சுவரில் மோதி ஒரு கால் முறிந்து விழுந்தது.

கடைக்காரர் கையில் அரத்தோடு வெளியே வந்தார். "யாருய்யா நீ? சரக்கு வண்டி வருது, அதுக்கு வெச்சிருக்கேன்!"

"ரோடு உனக்கு எழுதிக் கொடுத்திருக்கா?"

"உனக்கு எழுதிக் கொடுத்திருக்கா? எடுடா வண்டிய!" அரத்தின் கைப்பிடியால் கார் கூரையில் மடார் மடார் என்று இரண்டு போடு போட்டார் கடைக்காரர்.

உள்ளே மகள் தலையைக் குனிந்துகொண்டாள். மனைவி ஜன்னலை இறக்கி, "அண்ணே, மன்னிச்சிருங்க, நாங்க போயிடுறோம்" என்றாள். அவள் மன்னிப்புக் கேட்டது அவருக்கு அரத்தின் அடியைவிட அதிகமாக வலித்தது. காரில் ஏறி, பின்னால் பார்க்காமலே பின்னுக்கு எடுத்தார். நின்றிருந்த ஒரு வேனில் உரசி, அதன் பக்கக் கண்ணாடி பிய்ந்து தொங்கியது. அதைத் திரும்பியும் பார்க்காமல் விரட்டிக்கொண்டு போனார்.

"நீ எதுக்கு அவன்கிட்ட கெஞ்சுற? உன்னால நான் கேவலப்பட்டேன்."

"வீட்டுக்குப் போயிடலாங்க."

"போறதா? இன்னிக்கு இந்த ஊர்ல வண்டிய நிறுத்தாம நான் போறதில்ல."

இப்படித்தான் மணிக்கூண்டைப் பார்க்க வந்த பயணம், இடம் பிடிக்க வந்த படையெடுப்பாக மாறிப்போனது.

மணிக்கூண்டுக்குப் பின்னால் இருந்த தெருவில் அவர்கள் பாதி கடந்த பிறகு, பின்னால் ஒரு வண்டி கிளம்பி வெளியேறுவதை மகள்தான் பார்த்தாள். "அப்பா, அங்க ஒரு இடம்!" ஒருவழித் தெரு. பின்னுக்கு எடுக்க முடியாதபடி வால் பிடித்துக் கார்கள்.

"இறங்கு" என்றார் மனைவியிடம். "போய் அந்த இடத்துல நில்லு. நான் சுத்திட்டு வந்துடுறேன்."

"மனுசங்க நின்னு இடம் புடிக்கிறது நல்லா இல்லைங்க. வேற யாராவது வந்தா என்ன சொல்றது?"

"என் புருசன் வர்றார்னு சொல்லு! அதைக்கூட சொல்ல முடியாதா? இறங்குன்னா இறங்கு!"

பின்னால் ஹாரன்கள் கதறின. பிள்ளை எதிரில் இதற்குமேல் வேண்டாம் என்று அவள் இறங்கினாள்.

சுற்றி வர இரண்டு நிமிடம் போதும் என்று நினைத்தார். அடுத்த முனையில் ஒரு லாரி நின்றது. இரண்டு பேர் ஒரு குளிர்சாதனப் பெட்டியைப் பச்சைக் குழந்தையை இறக்குகிற மாதிரி அணுஅணுவாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அந்த ஆட்கள் பழகியவர்கள்; திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பெட்டி தரையைத் தொட்டு, லாரி நகர்ந்து, சிவப்பு விளக்கு பச்சையாகி அவர் தெரு முனைக்கு வந்தபோது பதினோரு நிமிடம் ஆகியிருந்தது. பதினோரு நிமிடமும் பற்களை நறநறவென்று கடித்தபடி வந்தார். கழுத்து நரம்பு கயிறு மாதிரிப் புடைத்திருந்தது.

தெருவில் திரும்பியதும் பார்த்தார். அந்தக் காலி இடத்துக்குள் ஒரு சாம்பல் நிறக் கார் பாதி மூக்கை நுழைத்திருந்தது. அதன் முன்னால் அவர் மனைவி. ஒரு கை காரின் பானெட்டில். நீளமாக ஒரு ஹாரன் கேட்டது. அவள் ஓர் அடி பின்னால் போனாள். கார் ஓர் அடி முன்னால் வந்தது.

அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். என் பொண்டாட்டி மேல வண்டிய ஏத்துறான்.

தெரு நடுவிலேயே காரை நிறுத்தினார். என்ஜினை அணைக்கவில்லை. இறங்கிப் பின்னால் போய் டிக்கியைத் திறந்தார். மேலே பைகள், தண்ணீர் பாட்டில்கள், மகளின் மடக்கு நாற்காலி. எல்லாவற்றையும் வாரி ரோட்டில் எறிந்துவிட்டு, அடியில் கிடந்த வீல் ஸ்பேனரை உருவி எடுத்தார். முழங்கை நீள இரும்பு.

"அப்பா, வேணாம்ப்பா! அம்மாவுக்கு ஒண்ணும் ஆகலப்பா! அப்பா!"

மகள் கத்தியது அவர் காதில் விழுந்தது. விழவில்லை என்று பிறகு அவரால் ஒருபோதும் சொல்ல முடியவில்லை. டிக்கியைத் திறந்து, சாமான்களை எறிந்து, இரும்பைத் தேடி எடுப்பதற்குள் ஒரு மனிதன் பத்து மூச்சு விடலாம். ஒரு மூச்சுக்கூட அவரைத் தடுக்கவில்லை.

முதல் அடியில் சாம்பல் காரின் வலது விளக்கு தெறித்தது. இரண்டாவது அடி முன்கண்ணாடியில். அது சிலந்திவலை மாதிரி விரிந்ததே தவிர உடையவில்லை. உடையாதது அவருக்கு இன்னும் ஆத்திரம். மூன்றாவது அடியை ஓட்டுநர் பக்கத்து ஜன்னலில் இறக்கினார். அது மொத்தமாக வெடித்து உள்ளே பாய்ந்தது. உள்ளே இருந்தவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, "அம்மா!" என்று அலறினார்.

கதவு திறந்தது. பச்சைச் சட்டை போட்ட, கனத்த உடம்புக்காரர். நெற்றியிலும் கன்னத்திலும் இரத்தம் கோடு கோடாக இறங்கியது. ஒரு கண் மூடியிருந்தது. மூடாத கண்ணால் குறி பார்த்து, தலையைக் குனிந்து காளை மாதிரி வந்து லிஃப்ட் மெக்கானிக்கின் மூக்கில் மோதினார். எலும்பு நொறுங்கும் சத்தம் அவர் மண்டைக்குள்ளேயே கேட்டது. அடுத்த பக்கத்துக் கதவு வழியாக அந்த ஆளின் தம்பி ஓடிவந்தான். கையில் இரும்புத் தண்ணீர்க்குப்பி, நிரம்பியது. அது அவர் காதோரம் இறங்கியது. வாயில் ஏதோ கடினமாக உருண்டது. துப்பினார். பல்.

"எங்க அண்ணனையாடா அடிச்ச? எங்க அண்ணனையாடா?" தம்பிக்காரன் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு உதை வைத்தான். விலாவில், இடுப்பில், மறுபடி விலாவில். அவர் கீழே கிடந்தபடி அவன் காலைப் பிடித்து இழுத்தார். அவனும் விழுந்தான். மூன்று பேரும் கண்ணாடித் தூளில் புரண்டார்கள். சுற்றிலும் கால்கள். கால்களுக்கு மேலே கைகள். கைகள் எல்லாவற்றிலும் செல்போன். தடுக்க நீண்ட கை ஒன்றுகூட இல்லை. "தள்ளுங்க, மறைக்குது" என்று யாரோ யாரிடமோ சொன்னது தெளிவாகக் கேட்டது.

மகள் அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வரப் பார்த்தாள். படம் எடுத்துக்கொண்டிருந்த ஒருவரின் முழங்கை அவள் முகவாயில் இடித்து அவளைப் பின்னால் தள்ளியது.

அவர் எப்படியோ எழுந்தார். கண் நிறைய இரத்தம். முன்னால் இருந்ததெல்லாம் சிவப்பு நிழல்கள். ஒரு நிழல் கிட்டே வந்து அவரைப் பிடிக்கக் கை நீட்டியது. உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் திரட்டி, அதுவரை கையிலிருந்து விடாத ஸ்பேனரைச் சுழற்றினார்.

காய்ந்த மரக்கிளையைக் கால்முட்டியில் வைத்து ஒடித்தது போல ஒரு சத்தம்.

"ஏங்க..." என்றது அந்த நிழல்.

அவள் கத்தவில்லை. முன்கை முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில், வளையக் கூடாத இடத்தில் வளைந்து தொங்கியது. அதை அவளே யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு மெல்ல ரோட்டில் உட்கார்ந்தாள்.

ஸ்பேனர் அவர் கையிலிருந்து நழுவியது. அந்த நேரத்தில் பச்சைச் சட்டைக்காரர் விட்ட கடைசிக் குத்து தாடையில் விழுந்தது. அதை அவர் தடுக்கவும் இல்லை.

தம்பிக்காரன் முதலில் அந்தக் கையைப் பார்த்தான். "அண்ணே, போதும், அந்தம்மா கை... போதும்ணே" என்று அண்ணனைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தான்.

சாம்பல் கார் அடிவாங்கியபோது பிரேக் விட்டு, தெருச் சரிவில் பின்னால் உருண்டிருந்தது. அந்த இடம் மறுபடி காலியாகக் கிடந்தது. பக்கத்துச் சந்திலிருந்து ஒரு சின்ன மஞ்சள் கார் வந்தது. கூட்டத்தைச் சுற்றி நாசூக்காக வளைந்து, ஒரே மூச்சில் அதற்குள் போய் நின்றது. ஓட்டி வந்தவர் இறங்கி, கதவைப் பூட்டி, பூட்டியிருக்கிறதா என்று ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, மணிக்கூண்டைப் பார்க்க நடந்து போனார்.

மருத்துவமனையில் இரண்டு பேரையும் ஒரே நீள பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நடுவில் ஒரு போலீஸ்காரர். லிஃப்ட் மெக்கானிக்கின் மூக்கில் பஞ்சு, விலாவைச் சுற்றிக் கட்டு. பச்சைச் சட்டைக்காரரின் இடது கண்ணில் வெள்ளைக் கட்டு. உள்ளே போன கண்ணாடித் துகளை எடுத்துவிட்டார்கள். பார்வை திரும்புமா என்று கேட்டதற்கு டாக்டர், "ரெண்டு வாரம் கழிச்சுப் பாக்கலாம்" என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனார்.

போலீஸ்காரர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனபோது, பச்சைச் சட்டைக்காரர்தான் ஆரம்பித்தார். குரலில் கோபம்கூட மிச்சமில்லை.

"எத்தனை ரவுண்டு சுத்தினீங்க?"

"நாலு."

"நான் அஞ்சு." கட்டுப் போடாத கண்ணால் தரையைப் பார்த்தார். "வண்டியில தம்பி உக்காந்துக்கிட்டு, 'உனக்கு ஒரு இடம் பிடிக்கத் தெரியாதா, உனக்கு ஒரு இடம் பிடிக்கத் தெரியாதா'ன்னு நச்சரிச்சுக்கிட்டே வந்தான். அந்தம்மா நிக்கிறதைப் பாத்ததும் எனக்கும் வெறிதான். முட்டிக்குக் கிட்ட வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். அது என் தப்பு. இல்லன்னு சொல்லமாட்டேன்."

"ஏத்தப் பாத்தீங்களே."

"இல்ல சார். அதைத்தான் சொல்ல வர்றேன். அவங்க சிரிச்சாங்க. 'நான் நிக்கிறது சரியில்லைங்க, நீங்களே போட்டுக்கங்க'ன்னாங்க. என் வண்டியைப் பிடிச்சுக்கிட்டு பிளாட்பாரத்துல ஏறப் போனாங்க. ஹாரன் அடிச்சது நானில்ல, எனக்குப் பின்னாடி இருந்த வண்டி. அவங்க ஒதுங்குறாங்கன்னு நான் மெதுவா உள்ள விட்டேன். அப்பதான் நீங்க வந்தீங்க."

லிஃப்ட் மெக்கானிக் அந்தக் காட்சியை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். பானெட்டில் ஒரு கை. பின்னால் வைத்த ஓர் அடி. எல்லாம் அதேதான். சண்டை முடிந்துபோன இடத்துக்குத்தான் இரும்போடு ஓடியிருக்கிறார்.

"நான் முடி வெட்டுறவன்" என்றார் பச்சைச் சட்டைக்காரர். "இருபத்தாறு வருசமா தினமும் முப்பது பேர் கழுத்துல கத்தி வெக்கிறேன். திட்டுறவன் உண்டு, தலைய ஆட்டுறவன் உண்டு, செருமுறவன் உண்டு. ஒருத்தன் மேல ஒரு கீறல் விழுந்ததில்ல. இன்னிக்கு உங்களைக் கொன்னுருப்பேன். கையில கத்தி இல்லாததால தப்பிச்சோம், ரெண்டு பேரும்."

லிஃப்ட் மெக்கானிக் பதில் சொல்வதற்குள் அவர் செல்போன் அதிர்ந்தது. அவருடைய அண்ணன், மகளிடமிருந்து விஷயம் தெரிந்து கூப்பிட்டார். ஒரு வக்கீல் ஆபீசில் தட்டச்சு வேலை பார்ப்பவர். தன்னை அரை வக்கீலாகவே நினைத்துக்கொண்டிருப்பவர்.

"நான் சொல்றதை மட்டும் கேளு. அவன் உன் பொண்டாட்டி மேல வண்டிய ஏத்தினான். தடுக்கப் போன உன்னை அடிச்சான். அவ கையை ஒடிச்சது அவன் தம்பி. குப்பியால அடிச்சான்னு சொல்லு. வீடியோ எல்லாம் பாத்தாச்சு, எதுலயும் முதுகுதான் தெரியுது. யார் அடிச்சதுன்னு ஒருத்தனும் நிரூபிக்க முடியாது. புரியுதா? வாயைத் திறந்து வேற எதுவும் உளறாத. வேலை போயிடும், உள்ள போயிடுவ."

"சரி" என்று வைத்தார். சரி என்றுதான் அப்போது அவருக்கும் தோன்றியது. ஒரே ஒரு பொய். அதுவும் தன்னை உதைத்தவன்மேல்.

வார்டு வாசலில் மகள் தரையில் உட்கார்ந்திருந்தாள். முகவாயில் நீலமாகக் கன்றியிருந்தது. அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று எழுந்து போனார். குனிந்து, தலையைத் தடவிக் கொடுக்கக் கையை நீட்டினார்.

அவள் சட்டென்று இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

இரண்டு நொடிதான். பிறகு கையை இறக்கிவிட்டு, "இல்லப்பா, சும்மா" என்றாள். அழக்கூட இல்லை. ஆனால் அவர் பார்த்துவிட்டார். பதினாலு வருடத்தில் அந்தப் பிள்ளைமேல் அவர் விரல்கூடப் பட்டதில்லை. நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. அதை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

வாக்குமூலம் எழுத ஒரு பெண் போலீஸ் வந்தார். தாளைத் தொடையில் வைத்துக்கொண்டு, அலுத்துப்போன குரலில் கேட்டார்.

"உங்க மனைவிகிட்ட கேட்டாச்சு. தள்ளுமுள்ளுல கீழ விழுந்ததுல கை ஒடிஞ்சுதுங்கிறாங்க. டாக்டர் அது விழுந்த முறிவு மாதிரி இல்லைங்கிறார். இரும்பால அடிச்சது மாதிரி இருக்காம். யார் அடிச்சது?"

தம்பிக்காரன் எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். இருபது இருபத்திரண்டு வயதிருக்கும். நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். அவனைக் காட்டி ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"நான்தாங்க" என்றார் லிஃப்ட் மெக்கானிக்.

போலீஸ்காரம்மா எழுதுவதை நிறுத்தினார். "தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரிஞ்சுதான் சொல்றேன். அவ என்னைக் காப்பாத்த விழுந்தேன்னு சொல்றா. வண்டியை விட்டு இறங்கினது நான். டிக்கியைத் திறந்து இரும்பை எடுத்தது நான். இவர் கண்ணாடியை உடைச்சது, இவர் கண்ணைக் கெடுத்தது, அவ கையை ஒடிச்சது, எல்லாம் நான். இவங்க ரெண்டு பேரும் என்னை அடிச்சாங்க. ஆனா முதல்ல இரும்பைத் தூக்கினது நான்தான். அப்படியே எழுதிக்கங்க. அதுக்கு முந்தி ஒரு வேன் கண்ணாடியும் உடைச்சேன், ஒரு கடைக்காரர் நாற்காலியையும் உடைச்சேன். அதையும் எழுதணும்னா எழுதிக்கங்க."

பெஞ்சில் இருந்த முடிதிருத்துபவர் ஒற்றைக் கண்ணால் அவரை ஏறிட்டுப் பார்த்தார். மன்னித்ததாகத் தெரியவில்லை. அவர் மன்னிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிற உரிமை தனக்கு இல்லை என்பது லிஃப்ட் மெக்கானிக்குக்கும் புரிந்தது.

கையெழுத்துப் போட்டு முடித்ததும், ஸ்டேஷனுக்குப் போவதற்கு முன் ஐந்து நிமிடம் மனைவியைப் பார்க்க விட்டார்கள். முன்கையில் இரண்டு எலும்பும் ஒடிந்திருந்தன. நாளைக் காலையில் ஆபரேஷன், தகடு வைக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அதற்குப் பிறகும் கை முழுதாகத் திரும்புமா என்பது அப்போதுதான் தெரியும்.

கட்டில் ஓரத்தில் நின்றார். உடைந்த பல்லின் வழியாகக் காற்று போயிற்று. வார்த்தை சரியாக வரவில்லை.

"ஏன் அப்படிச் சொன்ன? விழுந்துட்டேன்னு?"

"நீங்க ஏன் இப்படிச் சொன்னீங்க?"

"பிள்ளை என்னைப் பாத்துப் பயப்படுறா." அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "உனக்காகத்தான்... உன் மேல வண்டி ஏத்துறான்னு நெனச்சுத்தான்..." என்றார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணோரம் தண்ணீர் வழிந்து காதில் இறங்கியது. ஆனால் குரல் நடுங்கவில்லை. பதினைந்து வருடமாக ஜன்னல் பக்கம் திரும்பித் திரும்பி அடக்கி வைத்தது அன்றைக்குத்தான் வெளியே வந்தது.

"எனக்காகன்னு சொல்லாதீங்க. நான் யாரையும் அடிக்கச் சொல்லல. நான் இடத்தைக் கொடுத்துட்டேன், எனக்கு ஒண்ணும் குறைஞ்சு போகல. நீங்க வண்டியில உக்காந்து கண்டவங்களைத் திட்டும்போதெல்லாம், 'வாய்தானே, போகட்டும்'னு இருந்துட்டேன். தப்பு என் பேர்லயும் இருக்கு. அன்னிக்கே இறங்கி நடந்திருக்கணும்."

"இனிமே..." என்று ஆரம்பித்தார்.

"இனிமேங்கிறதை என்கிட்ட சொல்லாதீங்க, அவகிட்ட சொல்லுங்க. சொன்னா பத்தாது, எத்தனை வருசம் ஆனாலும் அவ பாத்து நம்பணும்." கண்ணைத் திறந்து அவரை நேராகப் பார்த்தாள். "கோபத்துல தூக்கின கைக்கு, யாருக்காகத் தூக்கினோம்னு ஞாபகம் இருக்காதுங்க. எதிர்ல யார் நின்னாலும் அடிக்கும். எதிரியா பொண்டாட்டியான்னு அதுக்குத் தெரியாது. ஒரு தெருவுல இடம் இல்லன்னா அடுத்த தெருவுக்குப் போகலாம், ஊர்லயே இல்லன்னா திரும்பி வீட்டுக்குப் போகலாம். அடிச்ச அடியைத் திருப்பி எடுத்துக்க எந்த ஊருக்கும் போக முடியாது."

போலீஸ்காரம்மா கதவருகே வந்து நின்றார். லிஃப்ட் மெக்கானிக் மனைவியைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு, அந்தம்மாவுக்குப் பின்னால் நடந்தார்.